சர் சி.வி. ராமனும் ஓநாய் ஸ்வரமும்: உங்கள் ரீமிக்ஸில் கிளிட்ச் எங்கே விழணும்?

சி.வி. ராமன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கடலின் நீலம், ஒளிச்சிதறல், நோபல் பரிசு, பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம். பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது அவ்வளவுதான். ஆனால், ஒளியின் பக்கம் முழுதாகத் திரும்புவதற்கு முன்னால் அவர் பத்து வருஷத்துக்கும் மேலாக ஒலியோடு மல்லுக்கட்டியவர். வயலின், செலோ, வீணை, தம்புரா, மிருதங்கம், தபலா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர். அதிலும் அவர் கூர்ந்து கேட்டது இனிமையான இடங்களை மட்டும் இல்லை. திக்குகிற சத்தம், இரைகிற சத்தம், பாடப்புத்தகப்படி வரவே கூடாத சத்தம் ஆகியவற்றின் பின்னாலும் அவர் போனார்.

நீங்கள் பகலில் எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் லேப்டாப்பைத் திறந்து ரீமிக்ஸ் செய்கிற ஆளா? அப்படியானால் இந்த ராமன் உங்களுக்கு ரொம்ப நெருக்கமானவர். அவரும் ஆபீஸ் வேலைக்கு முன்னும் பின்னும்தான் இந்த ஆராய்ச்சியைச் செய்தார். வாழ்க்கையின் கடைசி 37 வருஷத்தை இதே பெங்களூருவில் கழித்தார்.

அவர் ரீமிக்ஸ் கேட்டதில்லை; கிளிட்ச் இசை பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். ஆனாலும், ஒரு கோளாறு எப்போது இசையாகிறது, எப்போது வெறும் கோளாறாகவே நின்றுவிடுகிறது என்ற கேள்விக்கு அவருடைய வேலையில் மூன்று தெளிவான பதில்கள் கிடைக்கின்றன. அவருடைய கதையோடு சேர்த்து அவற்றைப் பார்ப்போம்.

முதலில், கிளிட்ச் என்றால் என்ன?

கீறல் விழுந்த சிடி ஒரே இடத்தில் திக்கித் திக்கி நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் திக்கலை வேண்டுமென்றே பாட்டுக்குள் கொண்டுவருவதுதான் கிளிட்ச். 1980-களில் ஜப்பானியக் கலைஞர் யசுனாவோ டோனே, சிடியின் மேல் ஓட்டை போட்ட டேப்பை ஒட்டி, பிளேயரைத் தடுமாற வைத்தார். 1990-களில் ஜெர்மனியின் ஓவல் குழு, தாவுகிற சிடிக்களின் சத்தத்தை வைத்தே முழு ஆல்பங்களைச் செய்தது. 2000-ல் கிம் காஸ்கோன் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகு, தோல்வியின் அழகியல் என்ற பேச்சே இசை உலகில் பரவியது.

இன்றைக்கு இதற்கு சிடியைக் கீற வேண்டாம். ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஸ்டட்டர், ஒலியின் தரத்தை வேண்டுமென்றே குறைக்கிற பிட்கிரஷர், டேப் நின்றுபோவது மாதிரி இழுக்கிற டேப் ஸ்டாப், பின்னோக்கி ஓட்டுகிற ரிவர்ஸ் எல்லாம் ஒரு பிளக்-இன்னில் கிடைக்கின்றன. பல பிளக்-இன்களில் ரேண்டம் என்று ஒரு பட்டனும் உண்டு.

சிக்கலே அந்தப் பட்டனில்தான். அழுத்தினால் முதல் தடவை பிரமாதமாக இருக்கும். மூன்றாவது தடவை கேட்கும்போது காது களைத்துவிடும். கேட்கிறவர் தன் ப்ளூடூத் இயர்போன்தான் கெட்டுப்போச்சோ என்று கழற்றிப் பார்ப்பார். அவருக்கு அது கலையாகப் படவில்லை, பழுதாகப் படுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற கோடு எது? இங்கேதான் ராமன் வருகிறார்.

வயலின் ஒலித்த வீட்டுப் பையன்

ராமன் 1888 நவம்பர் 7 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர், வயலினும் வாசிப்பார். அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே போனது. பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. மாணவராக இருக்கும்போதே, 1906-ல், லண்டனின் பிலாசபிகல் மேகசின் இதழில் அவருடைய முதல் ஆய்வுக்கட்டுரை வந்துவிட்டது.

ஆனால், அன்றைய இந்தியாவில் அறிவியலை நம்பிப் பிழைக்க முடியாது. 1907-ல் நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாக வேலைக்குச் சேர்ந்தார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளோடு கல்யாணம். அவர் வீணை வாசிப்பார். பிறந்த வீட்டில் வயலின், புகுந்து வந்தவர் கையில் வீணை. ராமன் பின்னால் ஆராய்ந்த வாத்தியங்களில் இரண்டு ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தன.

கல்கத்தா பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. கூடம் இருந்தது, கருவிகள் இருந்தன, ஆராய்ச்சி செய்ய ஆள்தான் பெரிதாக இல்லை. ராமன் உள்ளே நுழைந்தார். காலையில் அங்கே, பிறகு ஆபீஸ், சாயங்காலம் மறுபடி அங்கே. ஆசுதோஷ் டே என்ற உதவியாளர் கூடவே நின்றார். நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்தது. 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

ஏன் ஒலியைத் தேர்ந்தெடுத்தார்? ஆர்வம் ஒரு காரணம். இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லாத துறை அது. ஒரு கம்பி, ஒரு வில், ஒரு கேமரா, நல்ல காது. லேப்டாப்பும் ஹெட்போனும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிற உங்கள் நிலையும் ஏறக்குறைய இதுதானே.

முதல் பதில்: ஓநாய் ஸ்வரம்

செலோ வாசிக்கிறவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. எல்லா ஸ்வரமும் ஒழுங்காகப் பேசும். ஒரே ஒரு இடத்தில் மட்டும், பெரும்பாலும் 165 முதல் 185 ஹெர்ட்ஸ் பக்கத்தில், சத்தம் திக்கும். வில்லை எவ்வளவு சீராக இழுத்தாலும் வினாடிக்குச் சில தடவை உறுமி உறுமி அடங்கும். ஐரோப்பியர்கள் இதற்கு ஓநாய் ஸ்வரம் என்று பெயர் வைத்தார்கள். கணினி பிறப்பதற்கு முன்பே இருந்த ஸ்டட்டர் என்று இதைச் சொல்லலாம்.

1916-ல் ராமன் இதைப் பற்றி நேச்சர் இதழிலும் பிலாசபிகல் மேகசினிலும் எழுதினார். கம்பியின் அசைவையும் செலோ உடம்பின் அசைவையும் ஒரே நேரத்தில் படம்பிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அவர் சொன்ன விளக்கம் இதுதான். செலோவின் மரப்பெட்டிக்கு என்று சொந்தமாக ஒரு அதிர்வு இருக்கிறது. கம்பியின் ஸ்வரம் அதோடு ஒத்துப்போகும்போது பெட்டி வேகமாக அதிரத் தொடங்கி, கம்பியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஸ்வரத்தைத் தாங்கிப் பிடிக்க வில்லின் அழுத்தம் போதாமல் போகிறது. கம்பி சட்டென்று மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. இப்போது பெட்டிக்குத் தீனி இல்லை. அதன் அதிர்வு அடங்குகிறது. அடங்கியதும் கம்பி பழைய ஸ்வரத்துக்கே திரும்புகிறது. மறுபடி பெட்டி விழிக்கிறது. இந்தச் சுற்று வினாடிக்குப் பல தடவை நடப்பதைத்தான் நாம் உறுமலாகக் கேட்கிறோம். 1963-ல் ஷெல்லெங் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதே ஓநாயை வேறு கோணத்திலும் விளக்கினார். ஆனால், கம்பியும் பெட்டியும் ஒன்றையொன்று இழுக்கிற கதை என்பதில் மாற்றம் இல்லை.

சரி, இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

ஓநாய் எல்லா இடத்திலும் வருவதில்லை. வாத்தியத்தின் இயல்பு எங்கே ரொம்ப உணர்ச்சியோடு இருக்கிறதோ, அங்கேதான் வருகிறது. சுற்றிலும் சுத்தமான ஸ்வரங்கள் இருப்பதால்தான் அது ஓநாயாகவே கேட்கிறது. உங்கள் ட்ராக்கில் ஒவ்வொரு பாரிலும் ஸ்டட்டர் போட்டால் அது ஓநாயாகத் தெரியாது, வெறும் இரைச்சலாகிவிடும். பாட்டில் அழுத்தம் தாங்காமல் உடையப்போகிற இடம் எது என்று தேடுங்கள். சரணத்தின் கடைசிச் சொல்லா? பல்லவிக்குத் திரும்புகிற அந்த ஒரு மூச்சா? ஸ்டட்டர் அங்கே விழட்டும். மற்ற இடங்களைச் சுத்தமாக விடுங்கள்.

இன்னொரு விஷயமும் இதில் ஒளிந்திருக்கிறது. வில் இழுக்கும்போது கம்பி வில்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போகிறது, பிறகு வழுக்கி விடுபடுகிறது, மறுபடி ஒட்டுகிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் இது வினாடிக்கு 440 தடவை நடக்கிறது. அதாவது, வயலினின் இனிமையான ஸ்வரமே ஒழுங்காகத் திரும்பி வருகிற ஒரு வழுக்கல்தான். 1918-ல் இந்த அசைவுகளை வகைப்படுத்தி ராமன் ஒரு முழு நூலே எழுதினார்.

இதை உங்கள் சாஃப்ட்வேரில் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். 120 பிபிஎம் வேகத்தில் ஒரு பீட் 500 மில்லிசெகண்ட். பதினாறில் ஒரு பங்கு நோட்டில் ஸ்டட்டர் போட்டால் துண்டின் நீளம் 125 மில்லிசெகண்ட். வினாடிக்கு 8 தட்டு. காது அதைத் தாளமாகக் கேட்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்றால் 62.5 மில்லிசெகண்ட், வினாடிக்கு 16. இன்னும் தாளம்தான், ஆனால் நெருக்கம். அறுபத்துநான்கில் ஒரு பங்கு என்றால் 31.25 மில்லிசெகண்ட், வினாடிக்கு 32. இங்கே தட்டுகள் ஒன்றோடு ஒன்று கரைந்து, அடித்தொண்டையில் உறுமுகிற ஸ்ருதியாக மாறத் தொடங்கும். வினாடிக்கு 20 தடவை என்ற பக்கத்தில்தான் அந்த எல்லைக்கோடு.

எல்லைக்கோட்டைத் தாண்டின பிறகு ஸ்டட்டருக்கு ஸ்ருதி உண்டு. அப்படியென்றால், அது பாட்டின் ஸ்ருதியோடு சேர வேண்டும். கணக்கு ரொம்பச் சுலபம். 1000-ஐ உங்களுக்கு வேண்டிய ஹெர்ட்ஸால் வகுத்தால் துண்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். பாட்டின் சட்ஜம் 140 ஹெர்ட்ஸ் என்றால், சுமார் 7.1 மில்லிசெகண்ட் துண்டு சட்ஜத்திலேயே பாடும்.

வாசிக்கிறவர் இல்லாத வயலின்

1917-ல் ராமன் அரசு வேலையை உதறினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை அசுதோஷ் முகர்ஜி கொடுத்தார். சம்பளம் குறைவு. நிதித்துறையில் பெரிய பதவிகளுக்குப் போகக்கூடிய 28 வயதுக்காரர் அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்து அவர் செய்த காரியம் சுவாரசியமானது. வில்லின் அழுத்தம் ஓநாயைத் தீர்மானிக்கிறது என்றால், அந்த அழுத்தத்தை அளக்க வேண்டாமா? மனிதக் கை ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை இழுக்காது. அதனால், வயலினைத் தானே வாசிக்கிற ஒரு இயந்திரத்தைக் கட்டினார். வில் ஒரே இடத்தில் நிற்கும். வயலின் முன்னும் பின்னும் நகரும். வேகத்தை மாற்றலாம், அழுத்தத்தை மாற்றலாம், வில் படுகிற இடத்தை மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் குறைந்தபட்சம் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று வரைபடம் போட்டார். பெட்டி எங்கெல்லாம் அதிகம் அதிர்கிறதோ, அங்கெல்லாம் அழுத்தமும் அதிகம் தேவைப்பட்டது. கலைஞர்களின் கை அனுபவத்தில் செய்துகொண்டிருந்தது அந்தக் கோட்டில் வந்து நின்றது.

கிளிட்ச் பிளக்-இன்னோடு உட்காரும்போது இந்த ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கிக்கோங்க. ஐந்து எஃபெக்டை ஒன்றாகத் திருகினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் நகர்த்துங்கள். எந்த அளவில் காது திரும்பிப் பார்க்கிறது, எந்த அளவில் எரிச்சலாகிறது என்று இரண்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய இடம் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

இரண்டாவது பதில்: தம்புராவின் ஒரு நூல்

மேற்கத்திய ஒலியியலில் யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி என்று ஒன்று உண்டு. கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் நிற்கக்கூடிய மேற்சுரங்கள் எழும்பாது. உதாரணமாக, கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால் 2, 4, 6 என்ற இரட்டைப்படை மேற்சுரங்கள் வரவே கூடாது.

ராமன் தம்புராவையும் வீணையையும் எடுத்துச் சோதித்தார். வரக்கூடாத மேற்சுரங்கள் கணீரென்று ஒலித்தன. 1921-ல் இதை வெளியிட்டார். காரணம், குதிரையின் வடிவம். வயலினின் குதிரையில் கம்பி ஒரு கூரிய விளிம்பில் நிற்கிறது. தம்புராவிலும் வீணையிலும் குதிரையின் மேல்பரப்பு அகலமாக, மெல்ல வளைந்து இருக்கிறது. அதிரும்போது கம்பி அந்த வளைவை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசல்தான் புதிய மேற்சுரங்களைப் பிறப்பிக்கிறது.

கறாராகச் சொன்னால் இது ஒரு இரைச்சல்தான். கிட்டாரில் இப்படிக் கம்பி உரசினால் ரிப்பேருக்குத்தான் கொடுப்போம். தம்புராவில் அதுவே உயிர். அதனால்தான் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவில் வைக்கிற அந்தச் சின்ன நூலுக்கு ஜீவாளி, ஜீவா என்றெல்லாம் பெயர். கச்சேரிக்கு முன்னால் கலைஞர் அந்த நூலை மயிரிழை அளவு முன்னே தள்ளி, பின்னே இழுத்து, காதை வைத்துக் கேட்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் தள்ளினால் கம்பி ஊமை. கொஞ்சம் இழுத்தால் வெறும் உறுத்தல். நடுவில் ஒரு இடத்தில் தம்புரா பாட ஆரம்பிக்கும்.

இரண்டாவது பாடம் இந்த நூல்தான். கிளிட்ச் என்பது ஆன், ஆஃப் சமாச்சாரம் இல்லை. பிட்கிரஷரை எடுத்துக்கோங்க. 16-பிட் ஒலியில் 65,536 படிகள். 8-பிட்டில் 256. 4-பிட்டில் வெறும் 16. நேராக 4-பிட்டுக்குப் போய் முழு அளவில் போட்டால் பாடகரின் குரல் செத்துவிடும். அதற்குப் பதிலாக, சுத்தமான குரலை அப்படியே ஓடவிட்டு, சிதைந்த குரலை அதற்கு இணையாக இன்னொரு ட்ராக்கில் வையுங்கள். அதன் வால்யூமை ஜீவாளி மாதிரி மெல்ல ஏற்றுங்கள். குரலைச் சுற்றி ஒரு பளபளப்பு தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். நீக்கினால் ஏதோ குறைகிறது, ஆனால் இருக்கும்போது தனியாகத் தெரியவில்லை என்றால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

ஒளி, நோபல், பிறகு பெங்களூரு

1921-ல் ராமன் முதல் தடவையாக இங்கிலாந்து போனார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்தில், சுவரோரம் பேசுகிற மெல்லிய குரல் எதிர்ப்பக்கம் எப்படிக் கேட்கிறது என்று அங்கேயும் ஒலியைத்தான் ஆராய்ந்தார். அதே பயணத்தில் பார்த்த மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஒளியின் பக்கம் இழுத்தது. 1924-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1927-ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற இயற்பியல் களஞ்சியத்தில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதினார். 1928 பிப்ரவரி 28 அன்று, கே.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து செய்த சோதனைகளின் முடிவில் ராமன் விளைவு. 1930-ல் நோபல்.

இங்கேயும் ஒரு ஒற்றுமை இருக்கிறது. ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளியை விட்டால், சிதறுகிற ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் வரும். மிகச் சிறிய ஒரு பகுதி மட்டும் நிறம் மாறி வருகிறது. அந்த மங்கலான மிச்சத்தை மாசு என்று ஒதுக்காமல் ராமன் பின்தொடர்ந்தார். ஓநாயைத் துரத்திய அதே பழக்கம்.

1933-ல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநராகப் பெங்களூரு வந்தார். 1934-ல் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கினார். அதன் ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே, நோபல் வாங்கிய இயற்பியலாளர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பு, இந்திய இசைத்தோற்கருவிகள் பற்றியது.

மூன்றாவது பதில்: மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

ஒரு வட்டத்தோலை இழுத்துக் கட்டி அடித்தால் வருகிற மேற்சுரங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அடிப்படை 1 என்றால், அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 என்று கோணல்மாணலாகப் போகும். அதனால்தான் சாதாரண டிரம் ஸ்ருதியாகக் கேட்காமல் சத்தமாகக் கேட்கிறது. தோற்கருவி என்றாலே தாளத்துக்கு மட்டும்தான், ஸ்ருதிக்கு இல்லை என்ற எண்ணம் அன்றைய ஐரோப்பிய ஒலியியலில் இருந்தது.

மிருதங்கத்தின் வலந்தலையும் தபலாவும் அப்படிக் கேட்பதில்லை. அவற்றுக்கு ஸ்ருதி உண்டு. 1920-லேயே ராமனும் சிவகாளி குமாரும் இதை நேச்சரில் சுட்டிக்காட்டியிருந்தார்கள். பெங்களூருவில் அவர் அதை முழுதாக விளக்கினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அடித்து, மணல் எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்தார்.

ரகசியம் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம். சோற்றோடு கல்பொடியைக் குழைத்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்து உருவாக்குவது. அந்த எடை, தோலின் கோணலான அதிர்வுகளை இழுத்து வரிசைக்குக் கொண்டுவருகிறது. ஒன்பது விதமான அதிர்வுகள் ஒன்று சேர்ந்து 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து ஒழுங்கான ஸ்வரங்களாகிவிடுகின்றன. இரைச்சலாக இருந்திருக்க வேண்டியது இசையானது.

இதைக் கணக்கில் காட்டியவர் ராமன். ஆனால், முதன்முதலில் எங்கே பூச வேண்டும், எவ்வளவு பூச வேண்டும் என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்த கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. தோலோடு வேலை செய்கிறார்கள் என்பதற்காகவே சமூகம் தள்ளி வைத்த கைவினைஞர்கள்தான் தலைமுறை தலைமுறையாக இந்த அறிவைக் காப்பாற்றி வருகிறார்கள். சமன்பாடு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அவர்கள் காதில் விடை இருந்தது.

உங்கள் கிளிட்ச் சத்தங்களும் சாதாரணத் தோல் மாதிரிதான். ஒரு ஒலியின் சாம்பிள் ரேட்டை 8,000-க்குக் குறைத்தால், 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிற எதுவும் தன் இடத்தில் நிற்க முடியாது; மடங்கிக் கீழே விழும். 5,000 ஹெர்ட்ஸ் 3,000 ஆகக் கேட்கும். அதற்கும் பாட்டின் ஸ்ருதிக்கும் சம்பந்தமே இருக்காது. சில இடத்தில் அந்த உலோகக் கரகரப்பு வேண்டும்தான். ஆனால், மெலடி ஓடுகிற இடத்தில் அது ஸ்ருதியைக் கெடுக்கும். எனவே கறுப்பு வட்டம் பூசுங்கள். கிரஷருக்கு முன்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டு மடங்கக்கூடியதைக் குறையுங்கள். பின்னால் ஒரு ரெசனன்ட் ஃபில்டர் போட்டு, அதைப் பாட்டின் சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நிறுத்துங்கள். ஹை-ஹாட் இடத்தில் வைக்கிற சின்னச் சின்னக் கிளிக்குகளைக்கூட ஸ்ருதி சேர்க்கலாம்.

கேட்கத் தவறிய இடமும் உண்டு

ராமனின் பெங்களூரு வாழ்க்கை சுமுகமானது என்று சொல்ல முடியாது. நிறுவனத்தில் நிர்வாகத்தோடு மோதல் வந்தது. விசாரணைக் குழு வந்தது. 1937-ல் இயக்குநர் பதவியை விட்டு விலகினார். 1948 வரை பேராசிரியராகத் தொடர்ந்தார்.

இன்னொரு கணக்கும் தீராமல் இருக்கிறது. 1933-ல் கமலா பாகவத் என்ற மாணவி, பின்னாளில் கமலா சோஹோனி, ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு வந்தபோது, பெண் என்ற காரணத்துக்காகவே ராமன் மறுத்தார். கமலா விடவில்லை. கடைசியில் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொள்ளப்பட்டார். அவருடைய வேலையைப் பார்த்த பிறகு அந்தக் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது. அவர் 1939-ல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். வாத்தியங்களில் எல்லோரும் ஒதுக்கிய சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டவர், எதிரில் நின்ற ஒரு மனுஷியை முதலில் கேட்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் அவரை நாம் படிக்க வேண்டும்.

1948-ல் தன் சொந்த ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1954-ல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21 அன்று காலமானார். அவர் உடல் எரியூட்டப்பட்டது அந்த வளாகத்திலேயே. அங்கே மண்டபம் எதுவும் இல்லை, ஒரு மரம் நிற்கிறது. மேக்ரி சர்க்கிள் டிராஃபிக்கில் நிற்கும்போது, நீங்கள் அந்த மரத்திலிருந்து ரொம்பத் தூரத்தில் இல்லை.

அப்போ, இந்த வாரக் கடைசியில் என்ன செய்யலாம்?

முதலில், எந்த எஃபெக்டும் இல்லாமல் ரீமிக்ஸை முழுசாக முடியுங்கள். கிளிட்ச் இல்லாமல் நிற்காத பாட்டு, கிளிட்ச் போட்டாலும் நிற்காது. ஒழுங்கு கேட்டால்தான் ஒழுங்கு உடைவது கேட்கும்.

பிறகு, மொத்தப் பாட்டிலும் மூன்றே மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுக்கு மேல் தோன்றினால் ஒன்றை நீக்கிவிட்டு இன்னொன்றை வையுங்கள்.

ஸ்டட்டருக்கு ஒரு முடிவு கொடுங்கள். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை என்ன செய்கிறது என்று யோசியுங்கள். தாளத்துக்குக் குறுக்கே போவது மாதிரி போய், கடைசிச் சொற்கட்டு மூன்று தடவை வந்து, எடுப்பில் பொட்டென்று விழும்போது சபை கை தட்டுகிறது. திக்கல் நெருங்கி நெருங்கி வந்து சரியாகச் சமத்தில் இறங்கட்டும். இறங்குவதற்கு அரை பீட் முன்னால் முழு நிசப்தம் விட்டுப் பாருங்க. சத்தமில்லாத அந்த இடமும் ஒரு கிளிட்ச்தான்.

வெட்டுகிற இடத்தைக் கவனியுங்கள். அலை பூஜ்ஜியத்தைக் கடக்காத இடத்தில் வெட்டினால் டிக் என்று ஒரு சத்தம் வரும். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் 2 முதல் 5 மில்லிசெகண்ட் ஃபேடு போதும்.

ரேண்டம் பட்டனையும் முழுசாக ஒதுக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷம் ஓடவிட்டு ரெக்கார்டு செய்யுங்கள். பிறகு உட்கார்ந்து கேட்டு, அதில் பிடித்த இரண்டு வினாடியை மட்டும் வெட்டி எடுங்கள். இயந்திரம் தடுமாறட்டும், தேர்வு உங்களுடையதாக இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சோதனை. பாட்டை அனுப்புவதற்கு முன்னால் மூன்று தடவை கேளுங்கள்: ஹெட்போனில் ஒன்று, போன் ஸ்பீக்கரில் ஒன்று, மறுநாள் காலையில் ஒன்று. மூன்றாவது தடவையும் அந்த இடத்துக்காகக் காது காத்திருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தயங்காமல் நீக்கிவிடுங்கள்.